கேக் மனிதனின் கழுத்து

டோக்கேவுக்கு ஐந்து வயது நிறைந்த சனிக்கிழமை காலையில் அவன் அப்பா எஸ்பன் சமையலறை மேஜைக்கு முன்னால் நின்று மாவுப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் சட்டமும் கதவு நிலையும் செய்கிற தச்சன் அவன். ஒரு பலகையைக் கையில் எடுத்தால் அது எங்கே வளையும், எங்கே பிளக்கும் என்று விரலுக்கே தெரிந்துவிடும். மாவு அப்படி எதையும் சொல்லவில்லை. பொட்டலத்தின் மூலையைக் கிழித்ததும் கொஞ்சம் அவன் சட்டையில் கொட்டியது, அவ்வளவுதான்.

மதியம் இரண்டு மணிக்குப் பாலர் பள்ளியிலிருந்து ஒன்பது பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் வரும்போது மேஜையில் கேக் மனிதன் படுத்திருக்க வேண்டும். கை, கால், தலை எல்லாம் வைத்த இனிப்பு ரொட்டி மனிதன். மேலே சர்க்கரைப் பூச்சு, உலர்திராட்சையில் கண், அதிமதுர மிட்டாயில் தலைமுடி. பிறந்த நாள் பிள்ளை அவன் கழுத்தில் கத்தியை வைத்து அறுக்கும். கத்தி இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லாரும் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். டென்மார்க்கில், இந்த ஸ்வென்போர்க் ஊரில் எந்த வீட்டிலும் அதுதான் பிறந்த நாள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருகிற தின்பண்டம்.

சிக்கல் புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதே வந்துவிட்டது. டோக்கே கரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டு, அப்போதெல்லாம் அவன் பேசுகிற அந்த ரகசியக் குரலில் சொன்னான். "கேக் மனுஷன் வேணும். ஆனா அவன் கழுத்த யாரும் அறுக்கக் கூடாது."

எஸ்பன் பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் கையை விட்டிருந்தான். சரி, அறுக்க வேண்டாம் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டான்.

அக்கா சிக்னேவுக்கு ஏழு வயது. சட்டதிட்டம் தெரிந்தவள். அறுக்காவிட்டால் அது பிறந்த நாளே இல்லை என்றாள். பாலர் பள்ளி ஃப்ரோடே வீட்டில் போன மாதம் அறுத்தபோது கத்திய சத்தம் துறைமுகம்வரை கேட்டதாம், ஒரு படகுக்காரர் நின்று பார்த்தாராம்.

"அறுத்தா செத்துடுவான்ல," என்றான் டோக்கே.

எஸ்பன் கழுவின தட்டையே திரும்பவும் கழுவினான்.

பிள்ளைகளின் அம்மா மெரெட்டே சமையலறைக்குப் பக்கத்து அறையில் பிப்ரவரியிலிருந்து செப்டம்பர்வரை நோயில் படுத்திருந்தாள். அந்த எட்டு மாதத்தில் வீடு மெல்ல நடக்கக் கற்றுக்கொண்டது. செருப்பில்லாமல் காலுறையோடு நடப்பது, அலமாரிக் கதவை விரல் கொடுத்து மூடுவது, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது. சத்தம் போடாதே என்று பிள்ளைகளிடம் யாரும் சொன்னதில்லை. மெரெட்டேகூட, நான் தூங்கவில்லை, நன்றாகச் சத்தம் போட்டு விளையாடுங்கள், எனக்குப் பொழுதாவது போகும் என்று கூப்பிட்டுச் சொல்வாள். இரண்டு பேரும் சரியென்று தலையாட்டிவிட்டு இன்னும் மெதுவாக விளையாடுவார்கள். செப்டம்பரில் அவள் போய்ச் சேர்ந்தாள். அந்த அமைதி போகவில்லை. இப்போது ஏப்ரல்.

மெரெட்டேயின் அக்கா லிஸ்பெட் வியாழக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டு, கடையில் சொல்லிவைத்தால் கேக் மனிதன் பெட்டியிலேயே வந்துவிடுவான், எதற்கு இந்தப் பாடு என்று கேட்டாள். எஸ்பனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. சிக்னே பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், கடை மனுஷன் யாரைப் பார்த்தாலும் ஒரே மாதிரி சிரிப்பான், அவன் வேண்டாம் என்றுவிட்டாள்.

ஆகவே சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூன்று பேரும் ஏப்ரன் கட்டிக்கொண்டார்கள். எஸ்பனுடையது பட்டறை ஏப்ரன், பையில் பென்சில் இருந்தது.

செய்முறை மெரெட்டேயின் கோடு போட்ட நோட்டில் இருந்தது. எஸ்பன் அதைத் திறப்பது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் அறுக்கிற நேரத்துக்கு வந்து கத்திவிட்டுத் தின்றுவிட்டுப் போனவன் அவன். பால், வெண்ணெய், முட்டை, சர்க்கரை, ஏலக்காய், ஒரு கிலோவுக்கும் மேலே மாவு, ஈஸ்ட் ஒரு கட்டி. அவ்வளவும் இரண்டு கேக் மனிதர்களுக்கான அளவு. ஒருவன் வீட்டுக்கு, இன்னொருவனை மறுநாள் மெரெட்டே சைக்கிளின் முன்பெட்டியில் வைத்துப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவளுக்குத் தெரிந்த விஷயம் என்பதால் நோட்டில் அதை எழுதவில்லை. எஸ்பனுக்கு அது தெரியாது.

ஈஸ்டில் இன்னொன்று நடந்தது. ஈரக் களிமண் மாதிரி இருக்கிற அந்தக் கட்டியை வெதுவெதுப்பான பாலில் உதிர்த்துப் போடுவதுதான் இருக்கிற வேலைகளிலேயே உயர்ந்த வேலை. இரண்டு பேருக்கும் அது வேண்டும். போன வருஷம் யார் உதிர்த்தது என்பதில் ஆரம்பித்து முந்தின வருஷத்துக்குப் போய்விட்டார்கள். குளிர்ப்பெட்டியில் இரண்டு கட்டி இருந்தது. ஆளுக்கொன்று என்று எஸ்பன் கொடுத்துவிட்டான். நியாயமாக நடந்துகொண்டோம் என்று அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மாவு பிசைகிறபோது யார் என்ன செய்தார்கள் என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியவில்லை. முட்டை ஓடு உள்ளே போனது, வெளியே எடுத்தார்கள், அதே ஓடு திரும்பவும் உள்ளே போனது. சிக்னே நோட்டைப் பார்த்துக் கட்டளை போட்டாள். எஸ்பன் மரத்தூள் மாதிரி மாவை ஊதித் தள்ளப் போய் இரண்டு பிள்ளைகளையும் வெள்ளையாக்கினான். டோக்கே முழங்கைவரை மாவுக்குள் விட்டுக்கொண்டு, இது சூடா இருக்கு, உள்ள யாரோ இருக்காங்க என்று ரகசியக் குரலில் அறிவித்தான்.

இனி மாவு உப்ப வேண்டும். அந்தச் சமையலறையில் உப்பாது. தச்சன் வீட்டு ஜன்னல் என்பதால் பழுதுபார்க்க அதற்கு மட்டும் இன்னும் முறை வரவில்லை, விரிசல் வழியாகக் கடல் காற்று சீராக வந்துகொண்டிருந்தது. மெரெட்டே மாவைக் கட்டிலில் படுக்க வைத்து இறகுப் போர்வையால் மூடிவிடுவாள். அடுப்பைவிட அதுதான் பதமான சூடு என்பாள். பிள்ளைகளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. துணி அலசுகிற மஞ்சள் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, அதில் மாவைப் போட்டு, ஈரத்துணி மூடி, ஊர்வலமாகப் படுக்கையறைக்குப் போனார்கள்.

அங்கே சிக்னே நாற்காலியை இழுத்துப் போட்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து அம்மாவின் போர்வையை எடுத்தாள். நீலக்கோடு போட்ட உறை. செப்டம்பரில் எஸ்பன் மடித்து வைத்தது. உறையை அவன் துவைக்கவில்லை. ஏன் துவைக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சில நாள் அலமாரியைத் திறந்து கொஞ்ச நேரம் முகத்தை உள்ளே வைத்துக்கொள்வான்.

என்னுடையதை எடுத்துக்கொள்ளேன் என்றான்.

"உன்னோடது தட்டையா கெடக்குப்பா. அம்மாவோடதுலதான் எறகு ஜாஸ்தி."

அது உண்மை. கட்டிலில் மெரெட்டேயின் பக்கத்தில் தொட்டியை வைத்து மூடினார்கள். டோக்கே வெந்நீர்ப் பையும் வேண்டுமென்றான், அதையும் நிரப்பி உள்ளே வைத்தார்கள். போர்வையின் ஓரங்களை அவனே செருகினான். பிறகு குனிந்து எதையோ சொன்னான். என்ன சொன்னாய் என்று சிக்னே கேட்டதற்கு, அது எனக்கும் அவனுக்கும் என்றுவிட்டான்.

ஒரு மணி நேரம் என்று நோட்டில் இருந்தது. அதற்குள் தோட்டத்தில் கொடி ஏற்றினார்கள், பலூன் ஊதினார்கள். லிஸ்பெட் மறுபடியும் கூப்பிட்டாள். மாவு பிசைந்துவிட்டோம் என்று எஸ்பன் சொன்னதை அவள் நம்ப இருபது நிமிஷம் ஆனது. தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் டோக்கே வாசற்படியில் நிற்கிறான்.

"அப்பா, அவன் எந்திரிச்சுட்டான்."

ஓடிப்போய்ப் பார்த்தான். போர்வைக்குள் யாரோ ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. எஸ்பனின் கால் ஒரு கணம் வாசலிலேயே நின்றுவிட்டது. பிறகு போய் ஒரு மூலையைத் தூக்கினான். மாவு தொட்டியை விட்டு எப்போதோ வெளியேறியிருந்தது. ஈரத்துணியைத் தலையில் தொப்பியாக வைத்துக்கொண்டு, விரிப்பில் இறங்கி, வெந்நீர்ப் பையைக் கட்டிப்பிடித்து, மேலே போர்வை உறையையும் பிடித்துக்கொண்டிருந்தது. தூக்கத் தூக்க நீளநீளமாக இழுபட்டது. அறை முழுக்க ஏலக்காய் மணம். உறையில் அவன் பத்திரமாக வைத்திருந்த அந்த வாசனையைத் தேடினான். ஏலக்காய்தான் வந்தது.

அப்போது மாவுக்குள் ஒரு பெரிய குமிழ் உடைந்து, நன்றாகத் தூங்கி எழுந்தவர் விடுகிற மாதிரி ஒரு மூச்சு வந்தது.

சிக்னே வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின விரலிடுக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டது. டோக்கே அக்காவைப் பார்த்தான், மாவைப் பார்த்தான், இரண்டாவது குமிழ் உடைந்தது, அவனும் வெடித்துச் சிரித்தான். எஸ்பன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்தில் மாவு இருந்தது. எழுந்தால் அதுவும் கூடவே எழுந்தது. அதற்குமேல் அவனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பட்டறையிலிருந்து பழைய பெயின்ட் சுரண்டுகிற தகட்டைக் கொண்டுவந்து, கழுவி, கட்டிலையும் போர்வையையும் தன் பின்பக்கத்தையும் சுரண்டினான். துணியில் ஒட்டினது போக மீதியே மலை மாதிரி இருந்தது. உறையை உருவித் துவைக்கிற மெஷினில் போட்டுப் பொத்தானை அமுக்கினான். அமுக்கின பிறகுதான் அமுக்கினது உறைத்தது. மெஷின் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மாவு காத்துக்கொண்டிருந்தது.

மனிதனை உருவாக்கிப் பார்த்தார்கள். கால் மேஜையின் ஒரு முனையில் தொங்கியது, தலை மறுமுனைக்குப் போனது. எஸ்பன் மடக்கு அளவுகோலை எடுத்து அளந்தான். மனிதன் தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர், ஓவன் தட்டு நாற்பத்தைந்து. உட்கார வைக்கலாம் என்றாள் சிக்னே. இவ்வளவு பெரிய ஜன்னலைப் படியேற்ற முடியாதென்றால் என்ன செய்வோம் என்று எஸ்பன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, துண்டு துண்டாகச் செய்து இடத்தில் வைத்து மாட்டுவோம் என்று தானே பதிலும் சொன்னான். கால்கள் முதல் தடவை, கையும் உடம்பும் இரண்டாவது தடவை, தலை கடைசி.

தலை டோக்கேவின் பொறுப்பு. மூக்கை அவன் பெரிதாக வைத்தான். இரண்டு கட்டி ஈஸ்ட் சும்மா இருக்குமா? ஓவனுக்குள் போயும் தலை வளர்ந்துகொண்டே இருந்தது. டோக்கே கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நேரடியாகச் செய்தி சொன்னான். கன்னம் வந்துவிட்டது. இப்போது இன்னொரு கன்னம். ஒரு கண் காதுப் பக்கம் போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. போய்விட்டது. ஒவ்வொரு செய்திக்கும் குரல் ஒரு படி ஏறியது. அடுத்த அறையிலிருந்த எஸ்பனுக்குக் காதைத் தீட்டாமலே கேட்டது. வெளியே வந்தபோது தலை டோக்கேவின் தலை அளவுக்கு இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவுகோலால் சரிபார்த்தார்கள். கேக் மனிதனுக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதல்.

மணி பன்னிரண்டரை. பட்டறையிலிருந்து ஒரு பழைய கதவைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு, வெள்ளைத் தாள் விரித்து, துண்டுகளை வரிசையாக வைத்தார்கள். எஸ்பன் துளையிடுகிற கருவியோடு வந்தான். மரத்தை இணைக்கும்போது நடுவில் மர முளை செருகுவது போல, இங்கே அதிமதுர மிட்டாய்க் குச்சிகளை முளையாகச் செருகலாம் என்பது அவன் திட்டம். பசைக்குச் சர்க்கரைப் பூச்சு. காலும் உடம்பும் நன்றாகச் சேர்ந்துவிட்டன. ஆட்டிப் பார்த்தான், ஆடவில்லை.

டோக்கே மேஜை விளிம்பில் தாடையை வைத்துத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலை தனியாத்தான் கெடக்கு. ஆனா அவன் சாகல."

"இன்னும் மாட்டவே இல்லையேடா," என்றான் எஸ்பன்.

"மாட்டினா திரும்பக் கழட்டலாமா?"

இது தொழில் சம்பந்தமான கேள்வி, ஆகவே எஸ்பன் ஒழுங்காக யோசித்துப் பதில் சொன்னான். "பசை போட்டா முடியாது. வெறும் முளை மட்டும்னா இழுத்தா வந்துடும்."

"அப்போ கழுத்துல பசை போடாத."

எஸ்பன் போடவில்லை. இரண்டு முளையை மட்டும் செருகித் தலையை மாட்டினான். இடைவெளி தெரியாமல் இருக்கச் சிக்னே சிவப்பு மிட்டாய்ப் பட்டையைக் கழுத்தைச் சுற்றி மஃப்ளராகக் கட்டினாள். டோக்கே மனதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. எஸ்பன் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அறுக்கப்போவதில்லை என்று ஒன்பது பிள்ளைகளிடம் சொல்லியாக வேண்டும். உறையைத் தோட்டத்துத் துணிக்கொடியில் காயப்போட்டபோதும் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். லிஸ்பெட் ஒரு கடைப் பெட்டியோடு வந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று. மேஜையில் கதவு நீளத்துக்குக் கிடந்தவனைப் பார்த்ததும் பெட்டியைத் தன் கோட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, எத்தனை பேரை அழைத்திருக்கிறாய், ஊரையேவா என்று எஸ்பனிடம் கேட்டாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். அனுபவசாலி ஃப்ரோடே இப்போதே இரண்டு காதிலும் விரலை வைத்துத் தயாராக இருந்தான். பழக்கத்தில் லிஸ்பெட் நீளக் கத்தியைக் கொண்டுவந்து டோக்கே பக்கத்தில் வைத்தாள். டோக்கேவின் முகம் சுருங்கியது.

எஸ்பன் எழுந்தான். இன்றைக்குக் கழுத்தை அறுக்கப்போவதில்லை, இவன் அறுக்கக் கூடாத ஆள் என்று சொன்னான். காலையிலிருந்து ஒத்திகை பார்த்ததில் அவ்வளவுதான் வந்தது. ஒன்பது முகங்கள் அவனையே பார்த்தன.

"அப்போ நாங்க எப்பக் கத்துறது?" என்றான் ஃப்ரோடே.

நியாயமான கேள்வி. லிஸ்பெட் கோட்டுப் பக்கம் பார்த்தாள்.

டோக்கே நாற்காலிமேல் ஏறி நின்றான். குனிந்து சிவப்பு மஃப்ளரை அவிழ்த்தான். தலையை இரண்டு காதிலும் பிடித்து ஒரே இழுப்பு. முளைகள் வழுக்கிக்கொண்டு வந்தன.

"அறுக்க வேணாம்," என்றான். "இவன் தப்பிச்சு ஓடப்போறான்."

தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்து, தோட்டத்துக் கதவு வழியாக ஓடினான். பிறகு வெளியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈர ஓக் பலகையில் வட்ட ரம்பம் முதல் பல்லை வைக்கிறபோது வருமே, அந்தச் சத்தம். எஸ்பன் என்னமோ ஆகிவிட்டது என்று கதவுக்குப் பாய்ந்தான். அவன் மகன்தான். வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, முழுக் குரலில் கத்திக்கொண்டு கொடிமரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான், ஒன்பது பேரும் எஸ்பனின் இடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புகுந்து வெளியே போனார்கள், கத்திக்கொண்டே. கொடிமரம், ஆப்பிள் மரம், துணிக்கொடியில் தொங்கிய நீலக்கோட்டு உறைக்கு அடியில், திரும்பக் கொடிமரம். ஒவ்வொரு தடவையும் ஈர உறை பத்துத் தலையையும் தடவிவிட்டது. கேக் தலையையும் சேர்த்தால் பதினொன்று. சிக்னே நடுவில் நின்று எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று கையைக் காட்டிக் கத்தினாள், யாரும் கேட்கவில்லை. மூன்றாவது சுற்றில் லிஸ்பெட் காபிக் கோப்பையோடு ஓடுவது தெரிந்தது. தானும் ஓடுகிறோம் என்பதும், இவ்வளவு பெரிய சத்தம் தன்னிடமிருந்தும்தான் வருகிறது என்பதும் எஸ்பனுக்கு உறை முகத்தில் வந்து அறைந்த பிறகுதான் தெரிந்தது. சோப்பு வாசனை அடித்தது. அவன் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு ஓவே வேலிக்கு மேலே தலையை நீட்டி, எங்கே தீப்பிடித்தது என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் வாய் காலியாக இல்லை.

மூச்சு முட்டித் திரும்பி வந்தார்கள். தலையை டோக்கே ஒரு நாற்காலியில் மெத்தை போட்டு உட்கார வைத்தான். பிறகு உடம்பைப் பாதத்திலிருந்து தின்ன ஆரம்பித்தார்கள். தலை பார்த்துக்கொண்டிருந்தது, இருந்த ஒரு கண்ணால். இன்னொன்று ஆப்பிள் மரத்தடியில் எங்கோ விழுந்துவிட்டது. ஒரு சிறுமி அவனுக்கு வலிக்காதா என்று கேட்டாள். வலிக்கவில்லை, கால் மட்டும் கூச்சமாக இருக்கிறதாம் என்று டோக்கே விசாரித்துச் சொன்னான். கடைப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. போகும்போது ஃப்ரோடே, தன் பிறந்த நாளுக்கும் பசை போடாத கழுத்துதான் வேண்டும், வந்து செய்துகொடுக்க முடியுமா என்று எஸ்பனிடம் தனியாகக் கேட்டுவிட்டுப் போனான்.

ஐந்து மணிக்கு ஓவே வாசலுக்கே வந்தார். தீயெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல எஸ்பன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றான். டோக்கேவின் பழைய ரகசியக் குரல் அளவுக்குத்தான் வந்தது.

டோக்கே அவன் காலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, ஓவேவுக்குக் காது மந்தம் என்பதால் உரக்கவே சொன்னான். "அப்பாவுக்குத் தொண்ட போயிடுச்சு. எல்லாரையும் விட அப்பாதான் ஜாஸ்தி கத்துனாரு."

உள்ளே லிஸ்பெட் பாத்திரங்களைத் தடதடவென்று அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் எஸ்பனுக்குக் குரல் திரும்பவில்லை. மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள், நடுவில் தட்டில் தலை. டோக்கே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அந்தப் பெரிய மூக்கை உடைத்து, வெண்ணெய் தடவி, அப்பாவின் தட்டில் வைத்தான். எஸ்பன் அதை எடுத்து வாய்வரை கொண்டுபோய்விட்டான்.

"இரு," என்றான் டோக்கே. "ஒன்னால கத்த முடியாது. நான் கத்துறேன், நீ கடி."

எஸ்பன் கடித்தான். டோக்கே கத்தினான். அப்பா மென்று விழுங்கி முடிக்கும்வரை, ஒழுங்காக, நிறுத்தாமல்.